பாய்லர்காரரின் முப்பது பிளாஸ்க்குகள்

தோலக்கா என்று அவளுக்கு முதலில் பெயர் வைத்தது யார் என்பது இன்றுவரை தீராத வழக்கு. வார்டு ஆயாக்களைக் கேட்டால் லிஃப்ட்காரரைக் கைகாட்டுவார்கள். லிஃப்ட்காரரைக் கேட்டால் ஆயாக்களைக் கைகாட்டுவார். எப்படியோ பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், வராந்தா முடிகிற இடத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறையில் அவள் பத்தொன்பது வருடமாக மனிதத் தோல் வளர்த்துக்கொண்டிருந்தாள். விலங்கியல் படித்துவிட்டு மூன்று மாதத் தற்காலிக வேலை என்று வந்து சேர்ந்தவள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

தோல் வளர்ப்பது என்றால் பேச்சுக்குச் சொல்வதில்லை. உடம்பில் முக்கால்வாசி வெந்து போனவருக்கு ஒட்டுப்போட வேறு தோல் மிச்சம் இருக்காது. அக்குள் மாதிரி எங்காவது ஓர் இடம் தப்பியிருக்கும். அங்கிருந்து இரண்டு தபால்தலை அளவுக்குத் தோலை எடுத்து அவளிடம் அனுப்புவார்கள். அவள் அதை மருந்தில் ஊறவைத்து, தனித்தனிச் செல்லாகப் பிரித்து, தட்டையான பிளாஸ்டிக் பிளாஸ்க்குகளில் விடுவாள். செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஒன்றையொன்று நெருக்கித் தொட்டுவிட்டால் போதும் என்று பிரிவதை நிறுத்திவிடும். அதற்கு முன்பே எடுத்துப் பிரித்து, ஒரு பிளாஸ்க்கில் இருப்பதை நாலு பிளாஸ்க்கில் விட வேண்டும். இப்படியே மூன்று வாரம் போனால், வெங்காயச் சருகைவிட மெல்லியதாக, ஓர் ஆளைப் போர்த்துகிற அளவுக்குத் தாள் தாளாகத் தோல் வந்துவிடும்.

செல்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு. ரோஸ் நிறத்தில் ஒரு திரவம். பழையதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மழை, காய்ச்சல், எதுவும் அதுகளுக்குக் கணக்கில்லை. சொந்தத் தங்கையின் கல்யாணத்தில் பாதி விருந்தில் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தவள் அவள். தங்கை இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தோலக்காவின் கணவர் பஸ் டிரைவர், எதையும் சிரிப்பாக்கிவிடுகிற மனிதர். தன் மனைவிக்கு வீட்டில் இருப்பவர்களும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதும் என்று நினைப்பு என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பாய்லர்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை. சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவர், ஐம்பத்திரண்டு வயது. நீராவிக் குழாய் வெடித்து, கழுத்திலிருந்து முழங்கால்வரை வெந்துவிட்டது. பெரிய டாக்டர் காயத்தைச் சுத்தம் செய்து, இறந்தவர்கள் தானம் கொடுத்த தோலை மேலே போர்த்தி வைத்தார். அது இரவல் போர்வை. மூன்று வாரத்துக்கு மேல் தங்காது, உடம்பே அதைத் தள்ளிவிடும். அதற்குள் சொந்தத் தோல் வந்தாக வேண்டும். வராவிட்டால் திறந்த காயத்தில் கிருமி ஏறும், ஆள் போய்விடுவார். விஷயம் அவ்வளவுதான். அக்குளிலிருந்து எடுத்த இரண்டு தபால்தலைகள் அன்று மாலையே மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தன.

மறுநாள் அவர் மனைவி வந்தார். தைக்கும் ஆலையில் துணி வெட்டுகிறவர். ஒரே நேரத்தில் ஐம்பது மடிப்புத் துணியை அடுக்கி வெட்டுகிற மேசை அவருடையது. பார்க்கிற பார்வையிலேயே அளவெடுத்துவிடுவார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, ஓர் ஆளுக்கு எவ்வளவு தோல் வேண்டும் என்று கேட்டார். முழு ஆளுக்கு இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இவருக்கு ஒன்றேகால் வேண்டும் என்று தோலக்கா சொன்னாள். அந்தப் பெண் தன் கைகளை விரித்துக் காற்றில் ஒரு துண்டை அளந்து பார்த்தார்.

"இவ்ளோதானா? ஓவர்டைம் போட்டா சீக்கிரம் வராதாக்கா?"

"நான் போடலாம்மா ஓவர்டைம். அது போடாது."

அது உண்மை. நல்ல செல் ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதில் கண்ணுக்குத் தெரிகிற பிரிவு ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் உள்வேலை. முதலில் செல் வளர வேண்டும். பிறகு தன்னுள் இருக்கிற நாற்பத்தாறு குரோமோசோம்களையும், ஒன்று விடாமல், அச்சு அசலாக நகலெடுக்க வேண்டும். நகல் சரியா என்று பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் திருத்தும்வரை நின்றுவிடும். பிரிகிற நேரத்திலும் அந்தக் குரோமோசோம் இழைகள் அத்தனையும் நடுவில் வரிசைகட்டி, இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கிற கயிறுகளில் மாட்டியாகிவிட்டதா என்று ஒரு காவல் இருக்கிறது. ஒரே ஓர் இழை மாட்டாமல் தொங்கினாலும் செல் காத்திருக்கும். காவலை மதிக்காமல் ஓடுகிற செல்லும் உண்டு. அதற்குத்தான் புற்றுநோய் என்று பெயர். இதையெல்லாம் தோலக்கா அந்தப் பெண்ணுக்கு நின்று சொன்னாள். வழக்கமாக அவள் யாருக்கும் இவ்வளவு சொல்வதில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண் தினமும் வந்தார். வார்டிலும் கணவரைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கலாம், காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். மீதி நேரத்தில் மூன்றாவது மாடிக் கண்ணாடி. ஒருநாள் தன் தோலை எடுத்துக்கொள்ளச் சொல்லி முழங்கைவரை சட்டையைச் சுருட்டிக் காட்டினார். அடுத்தவர் தோல் நிரந்தரமாக ஒட்டாது என்று தோலக்கா சொன்னதும், முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் அடுத்தவர்தானா என்று கேட்டுவிட்டுச் சட்டையை இறக்கிக்கொண்டார். போகும்போது மட்டும் தவறாமல் ஒரு கேள்வி.

"இன்னைக்குச் சாப்பிட்டாரா?"

முதல் இரண்டு நாள், அது அவர் இல்லை, அவருடைய செல் என்று தோலக்கா திருத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் விட்டுவிட்டாள். சாப்பிட்டார் என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மூன்று பிளாஸ்க்குகள் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தன. பிரியப் போகிற செல் அடியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு உருண்டையாகிவிடும், மைக்ராஸ்கோப்பில் முத்து மாதிரி மின்னும். தோலக்கா காலையில் வந்ததும் முதலில் எண்ணுவது இந்த உருண்டைகளைத்தான். அன்று எங்கே பார்த்தாலும் உருண்டைகள். அவளுக்கே வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் போன் செய்தார். பேச்சில் கஞ்சர். இரவல் தோல் முதுகுப் பக்கம் இப்போதே கழன்றுகொண்டு வருகிறது, இருபத்தோராம் நாள் தாங்காது, பத்தொன்பதுக்குள் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் தோலக்கா தப்புச் செய்தாள். தெரியாதவள் செய்திருந்தால் மன்னித்துவிடலாம்.

வழக்கப்படி அந்த மூன்றையும் பன்னிரண்டாக்கி, சில நாள் கழித்து மறுபடி பிரித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் செல்கள் அதிர்ந்துபோய், ஒட்டிப் பழக இரண்டு நாள் வீணாகும். மூன்றை ஒரேயடியாக முப்பதாக்கிவிட்டால்? நடுவில் ஒரு பிரிப்பு மிச்சம், இரண்டு நாள் லாபம். காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். கணக்கு கச்சிதமாக வந்தது. அவள் வேலைக்கு வந்த புதிதில், ஒரு மூன்று வயதுக் குழந்தையின் செல்களை இப்படி நெருக்கமில்லாமல் விட்டு, அவையும் பாய்ந்து வளர்ந்து அவள் பெயரைக் காப்பாற்றியிருந்தன. அந்த நினைப்பு வேறு.

ஆனால் செல்களுக்குத் துணை வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றுக்கொன்று ஏதேதோ சுரந்து கொடுத்து, வளரலாம் வா என்று தூண்டிக்கொள்ளும். ஆளுக்கொரு மூலையாகப் போட்டுவிட்டால், அதிலும் ஐம்பத்திரண்டு வயதுச் செல்கள் என்றால், அப்படியே உட்கார்ந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் அவள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. கூட்டமாக விடு, மூன்றில் ஒன்றை எப்போதும் தொடாமல் வை. அன்று இரண்டையும் அவளே மீறினாள். கையிருப்பு என்று ஒன்றைக்கூட வைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். தோலக்கா உள்ளேயிருந்து பத்தொன்பது என்று விரலால் காட்டினாள். அந்தப் பெண் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

பத்தாம் நாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். செல்கள் சாகவில்லை. காலி பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டைப் பிடித்துக் காலை நீட்டிக்கொண்டவர்கள் மாதிரி அகலமாகப் பரப்பிக்கொண்டு கிடந்தன. உருண்டை ஒன்றுகூட இல்லை. முப்பது பிளாஸ்க்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பதினோராம் நாளும் இல்லை. பன்னிரண்டும் இல்லை. திரும்ப ஒன்றாகச் சேர்க்கலாமா என்றால், மறுபடி பிரித்தெடுத்தால் பாதி செத்துவிடும். சாப்பாடு மாற்றும்போது பழைய திரவத்தில் பாதியை விட்டுவைத்தாள், அவை சுரந்தது ஏதாவது அதில் இருந்தால் வீணாகாமல் இருக்கட்டுமென்று. அதற்கு மேல் செய்ய உலகத்தில் ஒன்றுமில்லை. அடிக்க முடியாது, கெஞ்ச முடியாது, சூட்டைக் கூட்டினால் வெந்துவிடும். பிளாஸ்க்குகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கிற இன்குபேட்டரின் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதே அதுகளுக்குக் கெடுதல். தன் கையைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் சாம்பாரா ரசமா என்று கேட்டால்கூட உருண்டை இல்லை என்று பதில் வந்தது. கணவர் அந்த வாரம் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. பெரிய டாக்டருக்குச் சொன்னாள். அவர் வேறு வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றாள். அந்தப் பெண்ணிடம் மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. தினமும் வந்து கேட்டார், சாப்பிட்டாரா என்று. சாப்பிட்டார் என்றாள். அது பொய்யில்லை. சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடந்தார்.

பதினாலாம் நாள் நாலாவது பிளாஸ்க்கின் ஓரத்தில் ஓர் உருண்டை மின்னியது. தோலக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். மறுநாள் பிளாஸ்க்குக்குப் பத்து. பதினேழாம் நாள் எண்ண முடியவில்லை. ஆனால் போன நாள் போனதுதான். புதுக்கணக்குப் போட்டுப் பார்த்தாள், இருபத்து நாலு என்று வந்தது. அதே பதினேழாம் நாள், பாய்லர்காரரின் ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதென்று கீழேயிருந்து செய்தி வந்தது. அதன் பிறகு இரண்டு மாடிகளுக்கு நடுவே ஓர் ஓட்டம். கீழே கிருமியும் இரண்டிரண்டாகப் பெருகியது, மேலே இவருடைய செல்லும் இரண்டிரண்டாகப் பெருகியது. செல்லுக்கு ஒரு நாள் தேவைப்படுகிற வேலை கிருமிக்கு அரை மணி நேரம். யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லப் படிப்பு வேண்டியதில்லை.

இருபதாம் நாள் சாப்பாட்டு நாள். பதினேழு பிளாஸ்க்குகளுக்கு ஊற்றி முடித்திருந்தபோது போன் அடித்தது. கையுறையோடு எடுக்கக் கூடாது, ஆனாலும் எடுத்தாள். வார்டு நர்ஸ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். தோலக்கா போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மேசையில் இருந்த பதிமூன்றைப் பார்த்தாள். ஊற்றுவதா? யாருக்கு? ஊற்றாமல் விடுவதா? அதுகளுக்கு என்ன தெரியும்? பெரிய டாக்டர் அன்று மாலை மூன்றாவது மாடிக்கே ஏறி வந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் அங்கே வருவது அதுதான் முதல் முறை. பதினேழிலேயே கிருமி ரத்தத்துக்குப் போய்விட்டது, பத்தொன்பதில் தோல் வந்திருந்தாலும் ஒட்டியிருக்காது என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்காகச் சொன்னார். வழக்கப்படி விட்டிருந்தால் பதினாறாம் நாளே முதல் சில தாள்கள் வந்திருக்கும், நெஞ்சையாவது மூடியிருக்கலாம் என்று அவருக்கும் தெரியும். மூடியிருந்தால் கிருமி ஏறியிருக்காதா, அப்போதும் ஏறியிருக்குமா? அது யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் போவதில்லை.

ஆள் இல்லையென்றால் அன்றே அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவள் முப்பதையும் இன்குபேட்டரில் திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இருபத்திரண்டாம் நாள் மதியம் அந்தப் பெண் வந்தார். ஆஸ்பத்திரியில் ஏதோ காகிதம் வாங்க வந்தவர், மேலே ஏறி வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே, வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் நின்றார். முகம் சிறுத்துப் போயிருந்தது. தோலக்கா கதவைத் திறந்து, முன்னறையில் மைக்ராஸ்கோப் இருக்கிற மேசைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தாள். இதுவரை யாரையும் அப்படி உள்ளே விட்டதில்லை.

"இன்னும் இருக்குதாக்கா?"

"இருக்குதும்மா."

நாலாவது பிளாஸ்க்கை எடுத்துவந்து சூடான தட்டில் வைத்து, ஒரு செல்லைத் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். அப்போதுதான் உருண்டுகொண்டிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த உட்கருவின் கோடு மங்கி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் நடுவில் கறுப்பாக ஒரு பட்டை திரண்டது. குரோமோசோம்கள் வரிசைகட்டுகின்றன என்று தோலக்கா மெதுவாகச் சொன்னாள். பட்டை கொஞ்சம் ஆடியது, நின்றது, மறுபடி ஆடியது. ஏன் நிற்கிறது என்று அந்தப் பெண் கேட்டார். எல்லாம் மாட்டியாகிவிட்டதா என்று பார்க்கிறது என்றாள். பிறகு பட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் நகர்ந்தது. செல்லுக்கு இடுப்பு விழுந்தது. இடுப்பு இறுகி இறுகி, இரண்டானது.

"தைரியமா வேலை பாக்குறாரு," என்றார் அந்தப் பெண். கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே அழுதார். கண் வைக்கிற வில்லை நனைந்தது.

தோலக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டாள். எட்டாம் நாள் போன் வந்தது, மூன்றை முப்பதாக்கியது, கையிருப்பு வைக்காதது, ஐந்து நாள் உருண்டையே இல்லாமல் கிடந்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். வழக்கப்படி விட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தனக்குத் தெரியவில்லை என்பதையும் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. துணி வெட்டுகிறவர் அல்லவா, ஒரு வெட்டு விழுந்தால் விழுந்ததுதான் என்பது அவருக்குப் புதிதாகத் தெரிய வேண்டியதில்லை. பிளாஸ்க்கைக் காட்டி, இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மருந்து ஊற்றி அழிக்க வேண்டும், இரண்டு நாள் முன்பே செய்திருக்க வேண்டும் என்றாள்.

"அன்னைக்குச் சாப்பாட்டு நாளாச்சே. சாப்பிட்டாரா?"

"பதினேழுக்குத்தான் ஊத்தினேன். பதிமூணுக்கு ஊத்தல."

அந்தப் பெண் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அதுக்கும் ஊத்திடுங்கக்கா. பசியோட அனுப்ப வேணாம்."

கண்ணாடிக்கு வெளியே போய், தன் இடத்தில் நின்றுகொண்டார். தோலக்கா திரவத்தைச் சூடுபடுத்தி, கையுறை மாட்டி, பதிமூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஊற்றினாள். வெளியே அந்தப் பெண்ணின் உதடு எண்ணிக்கொண்டே வந்தது. பதிமூன்று முடிந்ததும் அவர் தலையை ஆட்டிவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போனார்.

மறுநாள் காலை தோலக்கா சீக்கிரமே வந்தாள். பட்டினி கிடந்து சாப்பிட்ட செல்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பிரிவில் இறங்கிவிடும் என்று படித்திருக்கிறாள், பார்த்ததில்லை. பார்க்காமலே ஊற்றிவிடத்தான் நினைத்தாள். பழக்கதோஷம், முதல் பிளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டாள். பதிமூன்றிலும், எங்கே நகர்த்தினாலும், உருண்டைகள் மின்னிக்கொண்டிருந்தன. இத்தனையை ஒரே நேரத்தில் அவள் அந்த அறையில் பார்த்ததே இல்லை. பத்தாம் நாளில் இதில் பாதி இருந்திருந்தால் போதும்.

அழிக்கும் மருந்தை ஊற்றினாள். ரோஸ் நிறம் வெளிறித் தண்ணீரானது. முப்பதுக்கும் ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பதிவுத் தாளில் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. கிருமி, வளரவில்லை, நோயாளி இல்லை, பிற காரணம். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். யாரும் வேறெதுவும் கேட்கப் போவதில்லை. தாளைக் கோப்பில் வைக்கப் போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நாலாவது கட்டத்திலும் ஒரு டிக் அடித்து, எதிரே இருந்த கோட்டில், எட்டாம் நாள் கூட்டமாக விடவில்லை என்று எழுதினாள்.